பதினைந்து பெண்களை ரிஜெக்ட் செய்தவன்

அன்புள்ள சுமலதாவுக்கு, தேர்வாய் கண்டிகையிலிருந்து குணா. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள் என்று நம் ஹேமா வீட்டுப்பாடத்தில் எழுதியிருந்தாளே. போன ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது, கம்பெனியில் சரக்கைச் சோதித்துத் தள்ளும் பழக்கத்தில் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ‘ரிஜெக்ட்’ என்று எழுதிவிட்டு வந்தேன். நேற்று இங்கே அரசியல் சட்ட நாள் கூட்டத்திலும் அதே மேதாவித்தனம்தான்.

“பொம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலை, டீ போட்டாங்களா?” என்று கேட்டேன்.

கூட வேலை செய்யும் ஜெபா, “பதினஞ்சு பேரும் உக்காந்து சட்டம் பேசிக்கினு இருந்தாங்கண்ணே. டீ உன்ன மாதிரி ஆளுதான் போட்டிருப்பாரு” என்றாள்.

எல்லோரோடும் நானும் சிரித்துவைத்தேன். ஆனால் தப்பு என்னுடையது என்று அப்போதே புரிந்துவிட்டது. அப்பா சொன்னால் சரிதான் என்று ஹேமா அந்த வரியை விட்டுவிட்டு வேறு தாளில் எழுதினாளே, அதுதான் உறுத்துகிறது.

அவள் எழுதியதே சரி, அப்பாவுக்குத்தான் தெரியவில்லை என்று சொல். எனக்கு ஒரு வரி எழுதச் சொல், திட்டி எழுதினாலும் பரவாயில்லை. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

குணா