பீருக்குக் கதகதப்பு, காருக்குப் பனி

ஜனவரி 5, திங்கள்

மைனஸ் பதினெட்டு. கார் நான்காவது தடவைதான் கிளம்பியது. முதல் மூன்று தடவையும் ஒரு முனகல், பிறகு ‘டிக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்விளக்கு மங்கிச் சிவந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தம்பி லூதெக்கைத் திட்டினேன்.

அவன் பீர் காய்ச்சும் தொட்டிகள் கராஜுக்குள் ஹீட்டர் பக்கத்தில் சுகமாக இருக்கின்றன. அங்கே பிளஸ் பதினெட்டு. என் கார் வெளியே. நடுவில் ஒரு மரக்கதவு.

அப்பா அந்தக் கராஜைக் காருக்காகக் கட்டினார். அவர் போன பிறகு கீழ்வீடு லூதெக்குக்கும் அவன் மனைவி யோவிதாவுக்கும், மாடி எனக்கு. கராஜைப் பற்றி யாரும் பேசவில்லை. நவம்பரில் அவன் வந்து, “வசந்தம் வரைக்கும்தான்க்கா” என்றான். சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அவன் கொண்டுவந்த பீர் கையில் இருந்தது. அது நன்றாகவும் இருந்தது.

ஜனவரி 7, புதன்

இன்றும் தாமதம். என் கிராமத்து நோயாளி எவுஃபேமியா அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாது. காலை இன்சுலினை நான் போய்த்தான் போட வேண்டும். “நீ வர்றதுக்குள்ள என் ரொட்டியே காஞ்சு போச்சுடி” என்றார்.

மதியம் கிளினிக்கில் டாக்டர் ருட்ஸ்கா கூப்பிட்டுவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயம்.

“போக்னா, உங்க கார் கிளம்பலைங்கிறது அந்த அம்மாவோட சர்க்கரைக்குத் தெரியாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிராமத்து ரவுண்டை வேற நர்ஸுக்குக் கொடுத்துருவேன். நீங்க இங்க ஃபைல் பாத்துக்கலாம்.”

ஃபைல். கிராமத்து ரவுண்டு இல்லாமல் நான் எதற்கு நர்ஸ்?

ஜனவரி 8, வியாழன்

இன்று முதல் பாட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவருகிறேன். இந்தக் குளிரில் தெருவே செய்வதுதான். சாயங்காலம் ஆளாளுக்கு ஒரு பாட்டரியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறார்கள். ஆனால் என் படிகள் வெளிப்பக்கம், முழுக்க உறைபனி. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஊசி போடும் கை.

ஜனவரி 10, சனி

கராஜில் சண்டை.

“ஒரு மூலை குடு. ராத்திரி சார்ஜ் போட்டுட்டுக் காலைல எடுத்துக்கிறேன்.”

“அக்கா, பாட்டரி சார்ஜ் ஆகறப்ப வாயு வரும். நாத்தம் பீர்ல ஏறிரும்.”

“உன் பீர் நாத்தம் என் வீட்டுல ஏறுதே, அதுக்கு என்ன சொல்ற?”

“அது வாசனை!”

யோவிதா சமையலறையிலிருந்து கத்தினாள்: “ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டுச் சண்டை போடுங்க, சூடு போகுது!”

கடைசியில் கதவோரம் ஒரு மூலை கிடைத்தது. கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டான். நான் நன்றி சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் கராஜுக்கு அவனிடம் நன்றி சொல்வேனா?

ஜனவரி 12, திங்கள்

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வீடு வீடாக வரும் பாதிரியார் இன்று எங்களிடம் வந்தார். “உடன்பிறந்தவங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்கீங்க, எவ்வளவு நல்ல விஷயம்” என்றார். இருவரும் தலையாட்டினோம். லூதெக் அவரைக் கராஜுக்கு அழைத்துப் போய்த் தொட்டிகளுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தான். அவரும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இரண்டாவது தடவை இன்னும் தாராளமாகத் தெளித்தார்.

என் காருக்கு யாரும் தெளிக்கவில்லை. தெளித்தாலும் உறைந்திருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

ஐந்து நாளாகக் கார் ஒரே திருப்பில் கிளம்புகிறது. எழுதி வைக்கிறேன், கண் படாமல் இருக்கட்டும்.

ஜனவரி 17, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மாலை லூதெக்கைப் பார்க்க நகரத்திலிருந்து பீர் ரசிகர்கள் வந்தார்கள். தாடிக்காரர்கள். கிளாஸைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, “பிளம் தெரியுது”, “புகை தெரியுது” என்பது மாடிவரை கேட்டது. நான் தூங்கிவிட்டேன்.

காலையில் கராஜுக்குப் போனால் மூலையில் பாட்டரி இல்லை. சார்ஜர் மட்டும் கிடந்தது. பாட்டரி வெளியே கதவுப் படிக்குப் பக்கத்தில், பனி மூடிக் கிடந்தது. மைனஸ் இருபத்து மூன்று. பாதிதான் சார்ஜ் ஏறியிருக்கும். முழுக்க ஏறிய பாட்டரி இந்தக் குளிரைத் தாங்கும், பாதி ஏறியது உறைந்துவிடும். பக்கங்கள் இரண்டும் வீங்கி உப்பியிருந்தன. உள்ளே ஐஸ். அதில் மின்சாரம் ஏற்றினால் வெடிக்கும்.

கீழ்க்கதவைக் குத்தினேன். லூதெக் கம்பளியோடு வந்தான்.

“ஏன்டா வெளிய வச்ச?”

“ஒருத்தன் முட்டை நாத்தம் அடிக்குதுன்னான்க்கா. அஞ்சு நிமிஷம்னு எடுத்து வெளிய வச்சேன்... மறந்துட்டேன்.”

“வேனை எடு. என்னைக் கொண்டுபோய் விடு.”

“ராத்திரி பூரா குடிச்சிருக்கேன். இப்ப ஊதச் சொன்னா லைசென்ஸ் போயிரும்.”

“சாவியக் குடு, நான் ஓட்டறேன்.”

“வேன் வியாழக்கிழமையிலேருந்து ஒர்க்‌ஷாப்ல நிக்குது.”

டாக்சி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. எவுஃபேமியா அம்மாவின் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டு மயங்கிவிட்டிருக்கிறார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்காவிட்டால் —

வேண்டாம். உயிரோடு இருக்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எவுஃபேமியா அம்மா பேசுகிறார், அதாவது திட்டுகிறார்.

“உன் பாட்டரி செத்துப் போச்சாமே?”

“ஆமாம்மா.”

“நான் சாகலையே. எங்க ரெண்டு பேர்ல கெட்டியான சரக்கு நான்தான்.”

சிரித்தேன். படிக்கட்டில் நின்று அழுதேன்.

ஜனவரி 19, திங்கள்

ரவுண்டு போய்விட்டது. டாக்டர் ருட்ஸ்கா ஒரே ஒரு வாசல் விட்டு வைத்திருக்கிறார்: “கார் கராஜுக்குள்ள நிக்குதுன்னு சொல்லுங்க, அன்னைக்கே திருப்பிக் குடுக்கறேன். வேற எந்தச் சமாதானமும் வேண்டாம்.”

புது பாட்டரி வாங்கிப் போட்டுவிட்டேன். அதுவும் மாடிக்கு வருகிறது. ஆனால் ஓட்டிப் போக ஊரில்லை. நாள் முழுக்க ஃபைல்.

ஜனவரி 20, செவ்வாய்

கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன்.

“பிப்ரவரி கடைசில பீர்ப் போட்டி இருக்குக்கா. தொட்டிய எங்க கொண்டுபோய் வைப்பேன்? தலைமேலயா?”

“ஒரு கிழவி சாகக் கிடந்தா.”

“எனக்கும் வருத்தம்தான். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டுப் போனேன்.”

“பழமா? சர்க்கரை நோயாளிக்கு?”

கராஜைத் தரவில்லை.

ஜனவரி 22, வியாழன்

சாயங்காலம் என் படியில் ஒரு கிளாஸ் இருந்தது, மேலே தட்டு மூடி. புதிய பீர் வந்தால் முதல் கிளாஸ் எனக்குத்தான் வரும். வீட்டில் நாக்கு எனக்குத்தான் என்று அவனே சொல்வான். நான் ‘கசப்பு கூட’ என்றால் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவைக் குறைப்பான். இது வெளிர்ந்த ரகம். ஆரஞ்சுத் தோல், பைன் இலை வாசனை, வாயின் ஓரத்தில் சுத்தமான கசப்பு. ஒரு வாய்தான் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் ஆத்திரம். மீதியைப் பனியில் ஊற்றினேன், அவன் ஜன்னலுக்கு நேராக.

ஜனவரி 24, சனி

லூதெக்கும் யோவிதாவும் விடிந்ததும் பியாவிஸ்தோக் நகரத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். மைனஸ் இருபத்தைந்து. காற்று இல்லை.

கராஜ் கதவைத் திறந்து வைத்தேன். இரு பக்கமும், முழுசாக.

ஹீட்டரை அணைக்கவில்லை. அது மூலையில் தனியாகப் போராடிக்கொண்டிருந்தது. மாடிக்கு வந்து டீ குடித்தேன். இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

அவர்கள் நேற்று இருட்டியபின் வந்தார்கள். யோவிதாவின் அலறல்தான் முதலில் கேட்டது. இரண்டு கண்ணாடி ஜாடிகள் விரிசல் விட்டு உடைந்துவிட்டன. வெளிர்ந்த பீர் நொதிப்பதை நிறுத்திவிட்டது. ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிட்டது. கதவோரம் இருந்த, ‘போர்ட்டர்’ என்ற கறுப்பு பீரின் தொட்டியில் பாதி ஐஸ்.

படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“யாருங்க திறந்தது?” என்றாள் யோவிதா.

லூதெக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளினான். பிறகு: “காத்து திறந்திருக்கும்.”

காற்றா? அது அப்பா போட்ட இரும்புத் தாழ்ப்பாள். நான் தோளைக் கொடுத்துத்தான் தூக்கினேன். என் படியிலிருந்து கராஜ்வரை போய்த் திரும்பிய பூட்ஸ் தடம் பனியில் அப்படியே இருந்தது. இரண்டு நாளாகப் பனி விழவில்லை.

அவன் குருடன் இல்லை. ஏன் அப்படிச் சொன்னான்?

ஜனவரி 28, புதன்

கீழே போக முடியவில்லை. சத்தத்தை மட்டும் கேட்கிறேன். தொட்டியைச் சுரண்டுகிறான். ஊற்றுகிறான். ஒரு தடவை விசில் அடித்தான். நஷ்டப்பட்டவன் விசில் அடிப்பானா?

சந்தோஷப்பட நினைத்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

என் படியில் சின்ன கிளாஸ். தட்டு மூடி.

விஷம் வைத்திருப்பானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

போர்ட்டர். ஐஸை விட்டுவிட்டு உறையாமல் நின்றதை மட்டும் வடித்திருக்கிறான். தார் மாதிரிக் கறுப்பு. கருகிய ரொட்டி, உலர்ந்த பிளம், கடைசியில் தொண்டையில் மெதுவாக ஒரு சூடு. டிசம்பரில் இதே பீர் தளதளவென்று, இனிப்பாக, அவசரப்பட்டது போல இருந்தது. இப்போது நிதானமாக உட்கார்ந்துவிட்டது.

கிளாஸைக் கழுவிப் படியில் வைத்தேன். காலி கிளாஸ் அவனுக்குப் பதில்தான், எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 7, சனி

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லூதெக் தள்ளுவண்டியில் போர்ட்டர் தொட்டியை வெளியே கொண்டுவந்து, என் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பனியைக் குவித்தான். வியர்த்திருந்தான். இறங்கிப் போனேன்.

“என்னடா பண்றே?”

“போர்ட்டருக்குக் குளிர்தான் வேணும். ஹீட்டர் பக்கத்துல வச்சு அவிச்சிட்டு இருந்திருக்கேன். முட்டாள்.”

“வெளிர் பீரு?”

“அது செத்துப் போச்சு. ஏப்ரல்ல பாத்துக்கலாம். போட்டிக்கு இது ஒண்ணு போதும்.”

“குளிர்தான் வேணும்னு யாரு சொன்னா?”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை.

“காத்து சொல்லிச்சு.”

நானும் கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டு ஜாடி உடைஞ்சிருக்குக்கா” என்றான் பிறகு, தாழ்ந்த குரலில். “யோவிதாவோட அப்பா குடுத்தது.”

“ஒரு கிழவி ஆம்புலன்ஸ்ல போனா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

“காரை உள்ள விடு. கதவச் சரியாச் சாத்து. தாழ்ப்பாள் கெட்டி.”

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டர் ருட்ஸ்காவிடம் சொன்னேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, “நாளைக்குக் காலைல கிளம்புங்க” என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கராஜில் என் கார். பீர் மால்ட் வாசனை இன்னும் போகவில்லை, சீட்டில்கூட ஏறிவிட்டது. எவுஃபேமியா அம்மா முகர்ந்து பார்த்து, “காலங்காத்தாலயே குடிச்சுட்டு வர்றியாடி?” என்றார். ஊசி போடும்போது அவர் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. முன்பு பிடிக்க மாட்டார்.

பாட்டரியை இன்னும் கழற்றி மாடிக்குத்தான் கொண்டுவருகிறேன். ஹீட்டர் இருக்கிற கராஜிலிருந்து. அங்கே விட்டால் பாட்டரி பக்கத்தில் யாருடைய கை போகும் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 28, சனி

போட்டியில் மூன்றாம் இடம். யோவிதா மாடிக்கு வந்து சொன்னாள், அவன் வரவில்லை. நடுவர்கள் என்ன கேட்டார்கள் என்றேன். “எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டாங்க. கதவு திறந்து கிடந்துச்சுன்னாரு. அவங்க சிரிச்சாங்க. அவரு சிரிக்கல.”

மார்ச் 3, செவ்வாய்

குளிர் திரும்பி வந்திருக்கிறது. மைனஸ் பதினாறு. ரவுண்டு முடித்து வந்தபோது கராஜில் லூதெக் கதவோர மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். நான் வந்ததும் நகர்ந்து வழிவிட்டான்.

பானட்டைத் திறந்தேன். பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கினான், மெதுவாக, பெருக்கிய இடத்தையே மறுபடியும்.

மன்னிக்கவில்லை. ஜாடிகளுக்காக அவனும் என்னை மன்னிக்கவில்லை.

ஸ்பேனரைப் பையில் போட்டேன். பானட்டை மூடினேன். வெறுங்கையோடு மாடிக்கு வந்தேன்.