நடுவில் விட்ட இடம்

மேற்குத் தாம்பரம்
14.9.1984

அன்புள்ள ஜெயசீலிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிலாயில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். அப்பா ரிட்டயர் ஆனதற்காகச் சனிக்கிழமை ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுத்தோம், கறுப்பு வெள்ளைதான் மரியாதை என்று அப்பா சொல்லிவிட்டார். நீ இல்லாமல் நிற்க மாட்டேன் என்றேன். "அதுக்கு இன்னாம்மா, ஒரு எடம் வுட்டு எடுத்துக்கலாம், பாப்பா அங்கேர்ந்து போட்டோ அனுப்பட்டும், ஒட்டித் திரும்ப எடுத்தா ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றார் ஸ்டுடியோ சிட்டிபாபு. இடம் எங்கே என்பதில்தான் சண்டை. ஓரத்தில் விடு என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுப் பழைய படங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் கை யார் தோளில் என்று பார்த்தாலே அந்த வருஷத்து நிலவரம் தெரிந்துவிடும். ஓரத்தில் நிற்பவரைக் கத்தரிப்பது சுலபம். சொத்துத் தகராறில் சத்தியநாதன் சித்தப்பாவை அப்படித்தான் வெட்டினார்கள், அவருடைய நாலு விரல் மட்டும் இன்றும் தபீதாள் அத்தை தோளில் இருக்கிறது. நீ அரிகிருஷ்ணனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்த நாளிலிருந்து மாப்பிள்ளை பேச்சையே எடுக்காத மனுஷர், உன்னையும் வெட்டத்தான் ஓரம் கேட்கிறார் என்று நினைத்தேன். நடுவில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். விட்ட இடத்தில் அத்தை கைப்பையோடு வந்து நின்றுகொண்டார். "அம்மா, அது பாப்பா எடம், நீங்க நின்னுகினா பாப்பா உங்க தல மேலயா நிக்கும்? சார், நீங்களும் மூஞ்சிய கொஞ்சம் லூஸ் பண்ணுங்க, கோர்ட்டு கூண்டுல நிக்கிற மாதிரி கீது" என்றார் சிட்டிபாபு. அப்பா எழுந்து அத்தையை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணினார். ஒரு ஆளுக்கு இது தாராளம் என்றார் சிட்டிபாபு. அப்பா இன்னும் ஒரு முழம் நகர்த்தினார். "இன்னா சார், நவுந்துகினே போறீங்க, அப்பால படத்துல நீங்க இருக்க மாட்டீங்க!" அப்பா கேமராவைப் பார்த்தபடியே, "அந்தப் பையன் தாட்டியான ஆளுப்பா, இடம் பத்தாது" என்றார். நீ அனுப்பிய கல்யாணப் படத்தைத் தொடவே மாட்டேன் என்றவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே இருவரும் சேர்ந்து நின்று முழு உருவமாக எடுங்கள், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டுமாம், மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றிவிடட்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் அப்பா பெயருக்கே அனுப்பு. பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுக்க எப்படியும் இரண்டு நாள் வைத்துக்கொள்வார், அதற்கும் சேர்த்துச் சீக்கிரம் அனுப்பு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ரத்தினபாய் வேதசிரோமணி