மணலுக்குள் மஞ்சள் ராஸ்

ஜூன் 3, 2025, செவ்வாய்

தொட்டியில் வளர்த்த இரண்டு கடல் மீன்களில் பச்சை ராஸ் செத்துவிட்டது. நேற்று ஓசூரில் எங்கள் பக்கம் ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. தொட்டி மோட்டார் நின்றதும் காற்றுக்குப் பேட்டரி பம்பைப் போட்டுவிடுங்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனேன். போடவில்லை. தொட்டிக்கு எட்டடி தள்ளி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

மஞ்சளையும் காணோம்.

ஜூன் 4

பயந்தால் ராஸ் மணலுக்குள் புதைந்துகொள்ளும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் கவரில், மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாரே, அன்றைக்குப் பேச்சு நிற்கவே இல்லை. "தூங்கறதுக்கே மணலுக்குள்ளதான் போவும் ஜோதி. தோண்டிப் பாக்கக் கூடாது. அதுவா வரணும்."

ஜனவரியில் பிரஸ் மெஷினில் இவருக்கு இரண்டு விரல் போனது. பேச்சும் போனது. ஸ்டோர்ஸில் வேலை தருகிறோம் என்று கம்பெனியில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அதுவாக வரட்டும் என்று நானும் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

ஜூன் 7

வரவில்லை.

ஜூன் 9

தொட்டியில் நாற்றம். "மஞ்சள் உள்ளயே செத்து அழுகிப்போச்சுன்னு நெனைக்கிறேன்" என்று கதவருகே நின்று சொன்னேன்.

"எல்லாத்தையும் கொட்டிடு."

ஒரு வாரத்தில் இவர் வாயிலிருந்து வந்தது இது ஒன்றுதான். அட மனுஷா, கொட்டிடுன்னு சொல்ல மட்டும் வாய் வருதா உனக்கு?

ஜூன் 11

வேப்பனப்பள்ளியிலிருந்து அருணா அக்கா போன் செய்தாள். "எத்தினி நாளுக்குடி செவுத்தோட பேசிக்கினு இருப்ப? வந்துரு. மாங்கா சீசன், கைக்கு வேலையாச்சும் இருக்கும்."

சரி என்றேன். அழுகைகூட வரவில்லை. ஞாயிறு தொட்டியை விற்றுவிட்டுத் திங்கள் காலை கிளம்புகிறேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

தொட்டி வாங்க அத்திப்பள்ளிக்காரர் வந்தார். உப்புத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டேன். ஈர மணலை வாளியில் அள்ளினேன். "மணல் பேடம்மா, டேங்க் மட்டும் சாக்கு" என்று கன்னடத்தில் மணல் வேண்டாம், தொட்டியே போதும் எனச் சொல்லிவிட்டு, கண்ணாடித் தொட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மணலைக் கழுவி வைக்கலாம் என்று வாளியில் போர் தண்ணீரைத் திறந்தேன். மணல் அசைந்தது. மஞ்சளாக ஒரு மூக்கு. உயிரோடு — ஐயோ, உயிரோடு!

கத்திவிட்டேன். கதவு திறந்தது. அவிழ்ந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு இவர் ஓடிவந்தார். மிச்சமிருந்த தொட்டி உப்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, இன்னொரு வாளியில் ஊற்றிய குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் கொட்டி, அந்தக் கையாலேயே கலக்கினார். ஐந்து மாதமாக என் கண்ணில் படாமல் போர்வைக்குள் மறைத்த கை. நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு பிடி போடு" என்றார். மஞ்சளை அள்ளி அதில் விட்டார். பேட்டரி பம்பையும் அவரே போட்டார்.

"செத்துப்போச்சுன்னு நீயா எப்பிடி முடிவு பண்ண?" கோபமாகத்தான் கேட்டார். கொட்டச் சொன்னது நீங்கள்தானே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவர் பேசுகிறார், அது போதும் என்றிருந்தது.

ஜூன் 16, திங்கள்

விடிந்தபோது மஞ்சள் ஒருக்களித்து மிதந்தது. இவர் வாளியருகே உட்கார்ந்திருந்தார்.

"போர் தண்ணி பட்டிருக்கக் கூடாது" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வாங்கின மீனு, நானே பொதைக்கிறேன்."

பையை எடுத்தேன். கீழே வைத்தேன். என் கம்பெனி பஸ் வந்தது. அதில் ஏறி வேலைக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க, புதைத்திருப்பார், எழுந்து குளித்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மீன் வாளியிலேயே கிடந்தது. செத்த மீனுக்குப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

பம்பை நிறுத்தினேன். முருங்கையடியில் நானே புதைத்தேன். அக்கா போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். பையை இன்னும் பிரிக்கவில்லை.