ஸ்கேனரில் அவர் பெயர்

ஜூலை 28. தூறல். மாவு புளிக்கவே இல்லை.

ஆடிட்டர் மேடத்திடம் பத்தாவது படித்ததாகச் சொல்லிவிட்டேன். படித்தது நாலாவதுதான். அவர் நீட்டிய இங்கிலீஷ் தாளைப் படிக்கிற மாதிரி உதட்டை வேறு அசைத்தேன். நாற்பத்தேழு வயது, வெட்கமில்லை.

விஷயம்: மகள் திவ்யா நர்சிங் சேர பேங்க் கடன். வீட்டுக்காரர் டெம்போ கடனைக் கட்டவில்லை, அதனால் அப்பா கையெழுத்து செல்லாதாம். அம்மா பேரில் வருமான வரிக் கணக்கு வேண்டுமாம். 31 கடைசி.

மாவுக்கடை லைசென்ஸ் என் பெயர். மேஜைக் கண்ணாடியில் ஒட்டிய, பணம் போடுகிற ஸ்கேனர் ஸ்டிக்கர் மட்டும் இவர் கணக்குக்கு. பணம் விழுந்தவுடன் பைனான்ஸ்காரன் பிடித்துக்கொள்கிறான்.

மேடம்: "கடை உங்க பேர்ல காட்டணும்னா, 'பணம் சும்மா என் கணக்குல விழுந்துச்சு, கடை அவளோடது'ன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கணும் அம்மா."

"அவருக்கும் பங்கு இருக்கு மேடம். புளிச்ச மாவு தோசையெல்லாம் அவர்தான் திங்கறார்."

சிரித்தார். வெளியே வந்து எது என் செருப்பு என்று தெரியாமல் நின்றேன்.

ஜூலை 29. வெயில். உளுந்து 5 கிலோ. கேஸ் புக் பண்ண வேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. ரசத்தில் உப்பில்லை. இன்னொரு தம்ளர் கேட்டுக் குடித்தார். பயமாக இருந்தது.

திவ்யா, இந்த ஊர்க் கன்னடம் கலந்து: "ஏனாயித்தும்மா, என்னாச்சு? சீட்டு போயிடுச்சா?"

"போனா போகுது. ஊசின்னா ஓடற மாப்பிள்ளையா பாத்துடறேன்."

கிரைண்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். உளுந்து அளவுக்கு மேல் அரைந்துவிட்டது.

ஜூலை 30. மூட்டம். கேஸ் வரவில்லை.

"ஏனுங்க, ஒரு கையெழுத்து."

மேடம் எழுதித் தந்த தாளை வாங்கிப் படித்தார். "கடையில எனக்கு ஒண்ணுமில்லீங்கறயா? தீத்து உடறயா புள்ள?"

"தீத்து உட்டா உங்களை யாருங்க கட்டிக்குவா? தாள்ல மட்டுந்தானுங்க."

சிரிக்கவில்லை. டெம்போ கையை விட்டுப் போனதிலிருந்து தினம் கிரைண்டர் கழுவுவது இவர்தான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேடத்திடம் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குள் எதற்குச் சட்டை.

ஜூலை 31. மழை. 22 லிட்டர் மாவு போனது.

வரிக் கணக்கு ஏறிவிட்டதாம். பேங்க் என்ன சொல்லுமோ. மேடம் போனில்: "இனிமே அவர் ஸ்கேனர் பேடாம்மா, வேண்டாம். இன்னைக்கே எடுத்துடுங்க."

தோசைத் திருப்பியால் சுரண்டினேன். இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். "மெதுவா புள்ள."

கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. ஸ்டிக்கர் வரவில்லை. மாவு வாங்க வந்தவர் அதிலேயே ஸ்கேன் பண்ணிவிட்டுப் போனார்.