அளக்கச் சொன்னது நான்தான்

தேவகோட்டை

அன்பு மகன் விஷ்வாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் உன்னையும் மருமகள் அகிலாவையும் சளி காய்ச்சல் அண்டாமல் கண்ணாத்தாள் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிக்கு மட்டும் ஏறுவதில்லை. போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் எதற்கு வம்பு, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்றாய். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நடந்ததை முழுசாகக் கேள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, வீட்டில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று அளந்து, எங்கே குறைக்கலாம் என்று யோசித்து வரச் சொன்னேன். தீபலட்சுமி என்றொரு பிள்ளை, அவர்களுக்குத் தெருமுனைக் குழாய்தான், அவளும் அவள் அம்மாவும்தான் சுமக்கிறார்கள். சுமந்ததில் பாதிக்குமேல் அப்பா குளிக்கவும் பைக் கழுவவும் போய்விடுகிறது, சுமக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாளிகூட மிஞ்சுவதில்லை என்று எழுந்து சொன்னாள். குறைக்க என்ன வழி என்று கேட்டேன். "அப்பா குளிக்கிற தண்ணிய அப்பாவே தூக்குனா குறைஞ்சிரும் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவள் அப்பா வீரபாண்டியன் தலைமையாசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "பாடம் சொல்லிக் குடுக்க அனுப்புனா, அப்பன் குளிக்கிறத அளக்கவா சொல்லிக் குடுக்கீக?" என்று சத்தம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடுவேன் என்றார். தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அளக்கச் சொன்னது நான்தான், பிள்ளையைத் திட்டாதீர்கள், அவள் அளந்தது தப்பென்றால் நீங்களே சுமந்து அளந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மெமோ தருவேன் என்கிறார் தலைமையாசிரியர், தரட்டும். அடுத்துப் பள்ளிக்கூடத்துத் தண்ணீரை அளக்கப் போகிறோம், அவர் அறைக் குழாயில்தான் ஆரம்பம்.

அப்புறம் சில நாள் தீபலட்சுமி வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வீரபாண்டியனோடு மல்லுக்கட்டி அனுப்பியது அவள் அம்மாதானாம். அதோடு, சமையலுக்கும் குடிக்கவும் மட்டும்தான் சுமப்பேன் என்று சொல்லி அவர் வாளியை நிரப்புவதையும் நிறுத்திவிட்டாளாம். "அப்பா திட்டிக்கிட்டேதான் தூக்குறாக டீச்சர்" என்றாள். திட்டிவிட்டுப் போகட்டும் விஷ்வா, தூக்குகிறார் அல்லவா.

நீயும் அகிலாவும் ஒரு குறையுமில்லாமல் நல்லா இருக்கணும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஷவரில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வாளி வைத்து அளந்து மழுப்பாமல் எழுது, புத்தி சொல்லி எழுதாதே.

யாருக்கும் தலை குனியாத உன் அம்மா,
மஹாலட்சுமி