இடப்பக்கப் பை

மார்ச் 4

கடையைத் திறந்ததுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். கடை வாசல் பொம்மைக்கு நான் தைத்த கோட்டை மாட்டி மூன்று வாரம் ஆகிறது, ஒருத்தர்கூட வாங்கவில்லை. போட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வலது இடுப்பைத் தடவுகிறார்கள். பை இல்லை. சிரித்துக்கொண்டே கழற்றிவிடுகிறார்கள்.

"பீச்சாங்கைக்காரி தச்சா பையும் அந்தப் பக்கம்தான் இருக்கும். ஊர்ல எல்லாரும் உன்னை மாதிரியாடி?" என்றாள்.

மாதக் கடைசிவரை கெடு. விற்காவிட்டால் கோட்டு பெட்டிக்குள் போகும், நான் ஆல்டரேஷன் மேசைக்குப் போவேன். பதினோரு வருடம் அடுத்தவர் பேன்ட்டுக்குக் கால் மடித்துவிட்டு எழுந்து வந்த மேசை அது. திரும்பிப் போக மாட்டேன். மாட்டேனா? போகாமல் எங்கே போவேன்?

மார்ச் 9

இன்றும் இல்லை.

மார்ச் 13

சினிமாவுக்கு உடை எடுத்துக் கொடுக்கிற அம்மா ஒருவர் ஜிப் மாற்ற வந்தார். பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்க மேடத்துக்குப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். எந்த மேடம் என்று அவர் சொன்னதும் அக்கா கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது. அந்த நடிகையா? நம் கோட்டையா? அவர் கோட்டை வாங்கிக்கொண்டு போனபிறகு, "திரும்பி வராது, பாத்துக்கோ" என்றாள் அக்கா.

மார்ச் 21

காலையில் அக்கா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். விமான நிலைய வாசலில், கூட்டத்துக்கு நடுவே அந்த நடிகை. என் கோட்டில்! படத்துக்குக் கீழே நம் கடைப் பெயரையும் போட்டிருக்கிறாள்.

இடது கை சும்மா தொங்குகிறது. வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் இடப்பக்கப் பைக்குள் விட்டிருக்கிறாள். இப்படி ஒரு வழி இருப்பது தைத்த எனக்கே தோன்றவில்லையே. அவசரமே இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவள் மாதிரி நிற்கிறாள். வெட்டியதும் தைத்ததும் நான். இதைப் போட்டுக்கொண்டு எப்படி நிற்பது என்று காட்டியவள் அவள். பொறாமை வரும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது.

மார்ச் 23

கடையில் கால் வைக்க இடமில்லை. யாரும் கோட்டு என்று கேட்பதில்லை. கையைக் குறுக்கே மடித்து நின்று காட்டி, "இது இருக்கா?" என்கிறார்கள். பக்கத்துத் தெருப் பல் டாக்டரம்மாகூட அப்படி நின்றார், இந்த அறுபது வயதில்! அக்கா வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி டிசைன்" என்கிறாள்.

மார்ச் 25

சிக்கல். பையின் வாயை என் இடது கைக்குத் தோதாகச் சாய்த்து வெட்டியிருக்கிறேன். வலது கை உள்ளே போனால் மணிக்கட்டில் பிடித்துக்கொள்கிறது. ராத்திரியெல்லாம் விழித்துத் தைத்துக் கொடுத்ததை வாங்கிப்போன இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "சாய்வை மாத்திடு, பேர் கெட்டுடும்" என்றாள் அக்கா. அவள் சொல்வது நியாயம்தான். அந்த நடிகைக்கும் இப்படித்தானே மாட்டியிருக்கும் என்று நினைத்தாலே கூசுகிறது. மாற்றி ஒன்று தைத்து, மன்னிப்புச் சீட்டோடு அனுப்பினேன்.

மார்ச் 29

உடை அம்மா புதுக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நடிகை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்: "இதுல கை வழுக்கிட்டு வெளிய வந்துடுது. கூட்டத்தப் பாத்தா எனக்குக் கை நடுங்கும். அன்னைக்கு உள்ள மாட்டிக்கிச்சு, எடுக்க வரல. அதனாலதான் அப்படி நின்னேன். பழசையே தைக்கச் சொல்லுங்க."

அவளுக்கா கை நடுங்கும்? அந்த நடுக்கத்தையா என் பை பிடித்து வைத்திருந்தது? இன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

மார்ச் 31

கெடு முடியும் நாள். பையின் சாய்வை மாற்றி வரைந்த தாளைக் கிழித்துப் போட்டேன். யாராவது கேட்டால், கை மாட்டத்தான் செய்யும் என்று சொல்லிவிடலாம் என்றாள் அக்கா.

மதியம் ஆல்டரேஷன் மேசைப் பக்கம் போனேன். மடிக்க வேண்டிய பேன்ட்கள் குவிந்து கிடந்தன. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, அக்கா அங்கே உட்கார்ந்து கால் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே, பீச்சாங்கை? போய் வெட்டு."