யார் முதலில் நிறுத்துவது

பிப்ரவரி 4

தங்கை மகன் வந்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவன் பியானோவும் வந்தது. மனிதனுக்கு வாசல் போதுமானதாக இருந்தது. பியானோவுக்குப் போதவில்லை. சன்னல் சட்டத்தைக் கழற்றி, ஆட்கள் கயிறு கட்டி இழுத்து, என் புத்தக அலமாரி நின்ற இடத்தில் அதை எழுந்தருளச் செய்தார்கள். மறைநூல்களும் பழம்பாடல் தொகுதிகளும் இப்போது என் கட்டிலுக்கு அடியில் வனவாசம் செய்கின்றன. உலக சமாதானத்துக்கு யாராவது இடம் ஒழித்துத் தரத்தானே வேண்டும்!

இவன் தொழில் இதுதான்: ஒருவரை ஒருவர் வெறுக்கும் இரு சமூகத்தாரைத் தேடிக் கண்டுபிடித்து, இருவர் பாட்டையும் ஒன்றாகப் பின்னி இசை அமைத்து, அவர்களை ஓர் அரங்கில் அமர்த்தி வாசிப்பது. பல தேசங்களில் செய்திருக்கிறான்.

"உங்க தெருவுலயே சண்டை நடக்குதுன்னு அம்மா சொன்னாங்க பெரியம்மா. இதை எப்படி விடறது?" என்றான், பலகாரக் கடையைக் கண்டவன் போல.

பிப்ரவரி 6

சண்டையை அவனுக்கு விளக்கினேன். எழுதிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பாராயணக் கூடத்துக்கும் அடுத்த சமூகத்தாரின் வழிபாட்டுக் கூடத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு சுவர். இறைவன் ஒருவனே என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயமில்லை. அவன் சுவரின் எந்தப் பக்கம் செவி சாய்த்திருக்கிறான் என்பதில்தான் தகராறு. காலையில் அவர்கள் தொடங்குவார்கள். நாங்கள் குரலை உயர்த்துவோம். நாங்கள் ஒலிபெருக்கி வாங்கினோம். அவர்கள் அதைவிடப் பெரியதாக வாங்கினார்கள். பக்தி இவ்வாறு நாளொரு மேனியாக வளர்ந்து, கடைசியில் நகராட்சி அலுவலரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவர் சென்ற மாதம் இரு தரப்பையும் அழைத்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு நிகழ்ச்சி ஒழுங்கா நடத்திக் காட்டுங்க. அன்னிக்கும் கூச்சல் போட்டீங்கன்னா ரெண்டு கூடத்தையும் பூட்டி சீல் வெச்சிடுவேன். சாமி வந்து கேட்டாலும் சாவி கிடையாது."

தலை கறுத்திருந்த காலம் முதல் அந்தக் கூடத்தில் முன்வரிசையில் அமர்ந்து பாடலை எடுத்துக் கொடுப்பவள் நான். அது பூட்டப்பட்டால் எங்கே போய்ப் பாடுவேன்? சமையலறையிலா? அங்கே என் பாட்டுக்குக் கரண்டிகள்தான் செவி சாய்க்க வேண்டும்.

பிப்ரவரி 9

பொதுச்சுவரில் காதை வைத்துக்கொண்டு காலை முழுவதும் நின்றான். பல்லி கூட நகர்ந்து இடம் கொடுத்தது.

"உங்க பாட்டுல ஒரு சுரம் என் பியானோவுல ரெண்டு கட்டைக்கு நடுவுல விழுது பெரியம்மா. அவங்க பாட்டுலயும் அதே சுரம்தான், அதே இடம்!"

"இதைக் கண்டுபிடிக்க இத்தனை பெரிய மரப்பெட்டி வேணுமா?" என்று கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. பெட்டியின் முன்பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பி கம்பியாக முறுக்கித் தளர்த்தி, பகல் முழுவதும் அந்த ஒரு சுரத்தைத் துரத்திக்கொண்டிருந்தான். அகப்பட்டபோது சோறு மேசையில் காய்ந்திருந்தது. அந்தக் கட்டையை அழுத்திக் காட்டினான். என் குரல்தான். காய்ந்த சோற்றை அவன் பக்கம் நகர்த்தினேன். பாராட்டினால் இன்னொரு பியானோ கொண்டுவருவான்.

பிப்ரவரி 15

முதல் ஒத்திகை. இடம் பள்ளி ஒன்றின் கலையரங்கம், ஏனெனில் அவர்கள் கூடத்தில் நாங்கள் கால் வைப்பதாக இல்லை, எங்கள் கூடத்தில் அவர்கள் வைப்பதாக இல்லை. சமாதானத்துக்கு நல்ல தொடக்கம். அரங்கத்துப் பியானோவிலும் அந்த ஒரு சுரத்தைத் தங்கை மகன் முறுக்கி வைத்திருந்தான்.

அவர்களை நடத்துபவர் என் வயதினர். சுவர் வழியாகக் கேட்டே நான் அவருக்கு வெண்கலத் தொண்டை என்று பெயரிட்டிருந்தேன். நேரில் பார்த்தால் ஒல்லியான மனிதர். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இவருக்கா அஞ்சி ஒலிபெருக்கி வாங்கினோம்?

பாட்டு சேர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே சேர்ந்தது. அவர்கள் அடியும் எங்கள் அடியும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நடந்தன. எல்லாம் சரி. பாட்டு முடியவில்லை. பாடினோம், பாடினோம், முடியவே இல்லை. அவர்கள் கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் பாட, நாங்களும் எங்கள் கடைசி அடியை விடாது பிடித்துக்கொண்டோம். காவலாளி வந்து விளக்கை அணைத்தபோது மருமகன் இரு கைகளையும் தட்டி, "அருமை, அருமை, இன்னிக்குப் போதும்!" என்றான்.

(தங்கை மகனை எப்படி மருமகன் என்று எழுதினேன்? களைப்பு. மகன்தான். ஊர்ச் சண்டை உறவையும் கலக்கிவிடுகிறது.)

பிப்ரவரி 18

மூன்றாம் ஒத்திகையும் முடியவில்லை. வெளியே வந்து வெண்கலத் தொண்டையை நேராகவே கேட்டேன்.

"ஐயா, எங்களைத் தோக்கடிக்கணும்னுதானே நிறுத்தாம பாடறீங்க?"

"அடடா, நீங்கதான் விடமாட்டேங்கறீங்கன்னு நான் நினைச்சேன்மா! நாங்க எப்படி நிறுத்தறது? யாராவது பதில் சொன்னாத்தானே நிறுத்தலாம்."

அவர்கள் வழக்கம் இது: கடைசி அடி ஒரு வேண்டுதல். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் 'அவ்வாறே ஆகுக' என்னும் பொருளில் அவர்கள் மொழியில் ஒரு சொல் சொல்ல வேண்டும்; அதைச் சொல்லியும் காட்டினார். சொன்னால்தான் வேண்டுதல் போய்ச் சேர்ந்தது என்று பொருள். பாடுகிறவர் அதைத் தாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. அவர்கள் கூடத்தில் கேட்பதற்கு ஆள் உண்டு. இங்கேயோ அவர்கள் அத்தனை பேரும் மேடையில்.

"உங்களுக்கு என்னம்மா தடை? நீங்க முடிக்க வேண்டியதுதானே?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பாட்டின் முடிவுச் சொல்லை நிசப்தத்தில்தான் வைக்க வேண்டும். வேறு குரல் ஒலிக்கும்போது அதை வைப்பது, பிறர் உண்ணும்போது இலையை எடுப்பதற்குச் சமம்.

ஆக, அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், நாங்கள் அமைதிக்குக் காத்திருக்கிறோம். இரண்டும் மறியல் அல்ல, இரண்டும் மரியாதை. இத்தனை ஆண்டுகளாகச் சுவருக்கு இருபுறமும் இதற்காகவா தொண்டையைக் கிழித்துக்கொண்டோம்?

அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், எங்கள் குழுவினர் பார்த்துக்கொண்டிராவிட்டால்.

பிப்ரவரி 19

அந்தப் பதில் சொல்லை நாமே சொல்லிவிடலாமா என்று எங்கள் குழுவைக் கேட்டேன். பொருளாளர் அம்மையார், "அவங்க வேண்டுதலுக்கு நாம 'ஆகட்டும்' சொல்றதா? அப்புறம் நம்ம சாமி எதுக்கு?" என்றார். நம் சாமி இவ்வளவு எளிதில் வேலை இழந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 23

தங்கை மகனிடம் சிக்கலைச் சொன்னேன். "கடைசியில பெருசா ஒரு வாசிப்பு வெச்சிருக்கேன் பெரியம்மா. அது வந்தா எல்லாரும் தானா நிறுத்திடுவாங்க" என்றான்.

"உன் பெட்டிக்கு அடங்கறவங்க நகராட்சிக்கு அடங்கியிருக்க மாட்டாங்களா?"

வாசிப்பதை நிறுத்தினான். பிறகு கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு சொல்லவா? எந்த ஊர்லயும் யாரும் சேர்ந்து பாடினதில்லை. அரங்கத்துல ஆளுக்கொரு பாதியா உக்காருவாங்க. நான் வாசிப்பேன். கைதட்டுவாங்க. வேற வேற கதவு வழியா வெளிய போயிடுவாங்க. பத்திரிகையில சமாதானம்னு வரும். இங்கதான் முதல் தடவையா பாட வெச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா நான் இந்த வேலையை விட்டுடுவேன்."

கிண்டல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். கசந்தது.

பிப்ரவரி 27

அந்த வேண்டுதலின் பொருள் என்னவென்று வெண்கலத் தொண்டையைக் கேட்டேன். "வெளிய நிக்கறவங்களையும் பசியில்லாம வை. அவ்வளவுதான்மா" என்றார்.

இதை எதிர்த்தா நாங்கள் ஒலிபெருக்கி வைத்தோம்?

மார்ச் 1

நாளை நிகழ்ச்சி. மறைநூலைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். எந்தப் பக்கத்திலும் விடை இல்லை, தூசிதான் இருந்தது.

மார்ச் 2

வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் சனம் இடப்புறம், அவர்கள் சனம் வலப்புறம், நடுவில் ஒரு யானை போகும் அளவுக்கு வெற்றிடம். முன்வரிசையில் நகராட்சி அலுவலர், மடியில் கைப்பை. சீல் வைக்கும் அரக்கை அதில்தான் வைத்திருந்தாரோ என்னவோ.

கடைசி அடி வந்தது. அவர்கள் பாடினார்கள். வலப்புறச் சனம் பதில் சொல்லிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அவர்களோ, விருந்துக்குப் போன வீட்டில் தாங்களே பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பது போல, எங்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் உதட்டைத் தைத்துக்கொண்டிருந்தது. அடி திரும்பியது. மீண்டும் திரும்பியது. தங்கை மகன் அந்தப் பெருவாசிப்பை வாசித்தான், தோள் இரண்டும் குலுங்க. ஒருவரும் நிறுத்தவில்லை. இடப்புறத்திலிருந்து எவனோ, "போதும் நிறுத்துங்கடா!" என்று கத்தினான். வலப்புறத்தில் நாற்காலி ஒன்று சாய்ந்தது. அலுவலர் எழுந்துவிட்டார்.

போச்சு. கூடம் போச்சு, பிள்ளையோட வேலையும் போச்சுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. எதிரே அந்த ஒல்லி மனுஷர் கண்ணை மூடிக்கிட்டு அதே வரியைப் பாடறார். கழுத்து நரம்பு புடைச்சிருக்கு. குரல் உடையுது. ஆனா விடலை. வெளிய நிக்கறவங்களையும் பசியில்லாம வை. வெளிய நிக்கறவங்களையும். இதுக்கு ஒருத்தரும் ஆகட்டும்னு சொல்லலைன்னா நாம என்ன ஜன்மம்?

சொன்னேன். அவர்கள் மொழியில், அந்த ஒரு சொல்லை. பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். பாடலை எடுத்துக் கொடுத்த தொண்டை ஆதலால் கடைசி வரிசை வரை கேட்டது.

அவர் நிறுத்தினார். அவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். தங்கை மகன் கட்டைகளிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்படி ஒரு நிசப்தத்தை எங்கள் கூடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் எங்கள் முடிவுச் சொல்லை வைத்தேன்.

அலுவலர் உட்கார்ந்தார். பிறகு, செய்வதறியாமல், கைதட்டினார்.

மார்ச் 4

பத்திரிகைகளில் தங்கை மகனின் படம். 'மௌனத்தையே இசையாக்கிய மேதை.' அவன் நிருபரிடம், "அது நான் செஞ்சதில்லை, எங்க பெரியம்மா செஞ்சது" என்று சொல்லியிருக்கிறான். அதையும் போட்டிருக்கிறார்கள்: 'தன்னடக்கம் மிக்கவர்.'

கூடங்கள் பூட்டப்படவில்லை. ஒலிபெருக்கிகளை இரு தரப்பும் நகராட்சியிடம் ஒப்படைத்தாயிற்று.

மார்ச் 7

எங்கள் குழு கூடியது. கூடத்தைக் காத்தமைக்கு எனக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம். அந்நிய வழிபாட்டுச் சொல்லை உச்சரித்தமைக்காக முன்வரிசையிலிருந்து என்னை விலக்கி இன்னொரு தீர்மானம். இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. இனிப் பாடலை எடுத்துக் கொடுப்பவர் பொருளாளர் அம்மையார்.

வலிக்கவில்லை என்று எழுத நினைத்தேன். இது யாரும் படிக்காத நோட்டு. இங்கே எதற்குப் பொய்?

மார்ச் 12

தங்கை மகன் புறப்பட்டான். பியானோ மறுபடியும் சன்னல் வழியாக இறங்கியது. வேறொரு தேசத்தில் வேறொரு சண்டையாம். "நீங்களும் வாங்களேன் பெரியம்மா" என்றான். என்னையும் சன்னல் வழியாகத்தான் இறக்க வேண்டியிருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே காலைத் தொட்டுக் கும்பிட்டான். வண்டி திரும்பும் வரை நின்றேன். வீடு சும்மா இருந்தது.

மார்ச் 20

காலை கூடத்துக்குச் சென்றேன். கடைசி வரிசைதான் எனக்கு, முதுகுக்குப் பொதுச்சுவர். ஒலிபெருக்கி இல்லாததால் இரு பக்கமும் மனிதக் குரலாகவே கேட்டன.

அம்மையார் எங்கள் பாட்டைக் கடைசி அடி வரை கொண்டுவந்துவிட்டு, வழக்கப்படி அமைதிக்குக் காத்திருந்தார். சுவருக்கு அப்பால் அவர்களும் கடைசி அடியில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் பதில் சொல்ல ஆளா இல்லை? கூடம் நிறைய இருக்கிறார்கள். இருமல் கூடக் கேட்கிறது. ஆனாலும் ஒருவரும் சொல்லவில்லை. அடி திரும்பியது. இன்னொரு முறை, சற்றே மெதுவாக, சுவருக்கு மிக அருகில் வந்து திரும்பியது.

சொன்னேன். உரக்க அல்ல.

அப்பால் அடங்கியது. அம்மையார் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பிறகு அவர் முன்னால் திரும்பி, முடிவுச் சொல்லை அழகாக, அவசரமில்லாமல், அந்த அமைதியில் வைத்தார். அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

நாளைக்கும் கேட்கமாட்டார் என்றே தோன்றுகிறது.